மாணவர் செய்த பாடப்பொருளை அடுத்த குழுவோடு பகிர்வது எப்படி: இராமநாதபுரம் கடலோரத்துக்கான கையேடு

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரை நெடுக மாலை வகுப்புகளும் வாட்ஸ்அப் படிப்புக் குழுக்களும் இருக்கின்றன. பிள்ளைகள் படம் வரைகிறார்கள், மீன் பெயர்ப் பட்டியல் போடுகிறார்கள், காற்றின் பெயர்களைப் பாட்டியிடம் கேட்டுக் குரலாகப் பதிகிறார்கள். எல்லாம் அந்தக் குழுவுக்குள்ளேயே இரண்டு நாள் ஓடிவிட்டு, காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடுகிறது. அதைத் தொண்டியில் இருக்கும் குழுவும், கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ இணையத்தில் கூடிப் படிக்கும் குழுவும் எடுத்துப் புழங்க வைப்பதற்கான வழிமுறை இது.

முதலில் ஒரு அளவுகோல். அனுப்பிய பொருள் அங்கே யாராவது கைவைத்துத் திருத்தி உங்களிடம் திரும்பி வந்தால்தான் இரண்டு குழுவுக்கும் தொடர்பு ஏற்பட்டதாகக் கணக்கு. கட்டைவிரல் குறியும் ‘அருமை’யும் கணக்கில் சேராது. கோப்பின் அளவு, எழுத்துரு, உரிமம், பெயரிடுதல் என்று கீழே சொல்வதெல்லாம் அடுத்தவர் திருத்துவதற்கு இடைஞ்சல் இல்லாமல் செய்யும் ஏற்பாடுதான்.

முதல் கட்டு: ஐந்து அட்டைகள்

ஆரம்பத்திலேயே முழுப் பாடத்தையும் நாற்பது பக்கப் பிடிஎஃப்பையும் தூக்கி அனுப்பாதீர்கள். திறந்து பார்த்துவிட்டு ‘அப்புறம் படிக்கலாம்’ என்று வைத்தால் அவ்வளவுதான். முதல் முறை ஐந்து அட்டை போதும். ஓர் அட்டை என்றால் இரண்டு படம், 40 வினாடிக் குரல், 60 முதல் 80 சொல்லில் ஒரு குறிப்பு, கடைசியில் ஒரு கேள்வி.

மரிக்கொழுந்துப் பாசி என்ற கடற்பாசிக்கு ஓர் அட்டை போடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு படம் கல்லில் இருந்து எடுத்த ஈரப்பாசி, இன்னொன்று மணலில் காய்ந்த பாசி. காய்ந்தபின் நிறமும் பருமனும் வேறாகிவிடும் என்பதால் இரண்டும் வேண்டும். அளவு தெரியப் பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் வைப்பது நம்மிடம் வழக்கம். மன்னார்ப் பிள்ளைக்கு நம் நாணயத்தின் அளவு எப்படித் தெரியும்? பள்ளிக்கூட அளவுகோலையே வையுங்கள், சென்டிமீட்டர் எந்தக் கரையிலும் ஒன்றுதான். ஆழத்தைப் பாகத்தில் சொன்னால் மீட்டரையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு பாகம் ஏறக்குறைய 1.8 மீட்டர்.

குரலில் பாசி எடுக்கும் ஒரு பெண்ணே பேசட்டும்: எந்த மாதிரிக் கல்லில் ஒட்டியிருக்கும், விரலில் துணி சுற்றிக்கொள்வது எதற்கு, எப்படிப் பறித்தால் மறுபடி தழைக்கும். குறிப்பில் இது அகர் எடுக்கப் போகும் பாசி, கட்டக்கோரை என்ற இன்னொரு பாசி ஆல்ஜின் எடுக்கப் போவது என்ற வித்தியாசத்தை எழுதுங்கள் (அகரும் ஆல்ஜினும் பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்கள்). கேள்வி அடுத்த கரையைப் பேச வைக்கும்படி இருக்கவேண்டும். ‘மரிக்கொழுந்துப் பாசியின் பயன் என்ன?’ என்பது பரீட்சைக் கேள்வி. பதில் அட்டையிலேயே இருக்கிறது, யாரும் திரும்ப எழுதமாட்டார்கள். ‘உங்கள் கரையில் இது இருக்கிறதா? என்ன பெயர்? யார் வாங்குகிறார்கள்?’ என்று கேட்டால் பதில் வரும். அந்தப் பதில்தான் அட்டையின் அடுத்த பதிப்பு.

பெயர்ச் சிக்கலை முன்கூட்டியே கட்டிப்போடுவது

கடல் சம்பந்தமான எந்தப் பட்டியலும் கரை மாறும்போது பெயரில்தான் உடைகிறது. தென்கரையில் சீலா என்றால் பெரும்பாலும் நெய்மீன். அதையே சென்னையில் வஞ்சிரம் என்பார்கள், யாழ்ப்பாணத்தில் அறக்குளா. சென்னைச் சந்தையில் போய்ச் சீலா கேட்டால் நாம் ஊளி என்கிற மீனை எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டு குழுவும் ‘சீலா’ என்று தலைப்பிட்டு அட்டை அனுப்பினால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துச் சேர்த்துவிடுவார்கள். ஆகவே விரிதாளில் ஒவ்வோர் உயிருக்கும் அறிவியல் பெயருக்கு ஒரு கட்டம் வையுங்கள். நெய்மீனுக்கு ஸ்காம்பெரோமோரஸ் கமர்சன். அந்தப் பெயரை வைத்துத்தான் இரண்டு பட்டியலையும் பொருத்தவேண்டும். உள்ளூர்ப் பெயர்களுக்கு ஊர்வாரியாகத் தனித்தனிக் கட்டம். எந்த ஊர்ப் பெயரும் ‘சரியான பெயர்’ என்று மேலே ஏறக்கூடாது, ஏறினால் மற்றக் குழு அன்றோடு விலகிவிடும்.

அறிவியல் பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஊகித்து எழுதிய பெயர் நாலு குழு சுற்றி வருவதற்குள் உண்மையாகிவிடும்.

எடுக்கும்போதே சரியாக எடுப்பது

கடற்கரையில் எடுக்கும் படங்களில் பாதி மங்கலாக வருவதற்குப் போனைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கண்ணாடியில் படிந்த உப்புத்தான் காரணம். சட்டையால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். மெல்லிய பருத்தித் துணியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். நடுப்பகல் வெயிலில் வெள்ளை மணல் கண்ணைக் கூசும், பாசியும் சிப்பியும் கறுத்துத் தெரியும். காலை 8 மணிக்கு முன்னால் எடுங்கள், முடியாதென்றால் பாய்மரத் துணியோ வெள்ளை வேட்டியோ பிடித்து நிழல் கட்டி எடுங்கள். அனுப்பும்போது நீளப் பக்கம் 1600 பிக்ஸல், ஜேபெக் தரம் 80 என்று வைத்தால் ஒரு படம் 400 கேபி அளவில் நிற்கும்.

குரல் காற்றில்தான் கெடும். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் திறந்த கரையில் பதிந்தது எதுவும் உருப்படாது. பேசுபவர் காற்றுக்கு முதுகு காட்டி நிற்க, போனின் அடிப்பக்கத்து மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். மைக்கின் மேல் ஒரு கம்பளிக் காலுறையைப் போட்டால் இரைச்சல் பாதியாகும். தகரக் கூரை அறையும் சுவர் வெறுமையாக இருக்கும் கான்கிரீட் அறையும் எதிரொலிக்கும், ஓலைக் கொட்டகை நல்லது, கண்ணாடி ஏற்றிய காருக்குள் இன்னும் நல்லது. ஏலக் கொட்டகையில் பேட்டி எடுக்க ஆசை வரும். அங்கே ஏலச் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிந்துகொண்டு, பேச்சை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதியத் தொடங்கியதும் ஐந்து வினாடி யாரும் பேசாமல் இருக்கவேண்டும். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் இரைச்சலைக் குறைக்க அந்த வெறும் ஐந்து வினாடிதான் மாதிரி. பிறகு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால் காற்றின் உறுமல் பெரும்பாலும் போய்விடும். ஒற்றைத் தடமாக, எம்பி3, 64 கேபிபிஎஸ்: நிமிடத்துக்கு அரை எம்பிகூட ஆகாது.

இந்தக் கணக்கில் ஐந்து அட்டையும் சேர்ந்து 6 எம்பிக்குள் முடியும். அதையே வீடியோவாக, போன் எடுத்த 1080பி தரத்தில் அனுப்பினால் ஒரு நிமிடமே சுமார் 100 எம்பியைத் தொடும். தினசரி டேட்டாவில் காலந்தள்ளும் வீட்டில் அதை யார் இறக்குவார்கள்? வலை பின்னும் முடிச்சு மாதிரி கை அசைவைக் காட்டியே தீரவேண்டிய இடத்தில் மட்டும் வீடியோ எடுங்கள், அதையும் 480பி தரத்துக்குச் சுருக்கி ஒன்றரை நிமிடத்தில் முடியுங்கள்.

பெரியவர்களிடம் பேசிப் பதிவதற்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தோதானது. விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்களும் கையில் கிடைப்பார்கள், பள்ளி விடுமுறையும் அதில் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பரிமாற்றத் தேதி வைக்காதீர்கள். கரண்டும் போகும், டவரும் போகும்.

எழுத்துரு

மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்த வேர்ட் கோப்பைத் திறந்தால் தாறுமாறான ஆங்கில எழுத்தாகத் தெரிகிறதா? அது பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் அடித்தது. நம் பக்கத்து டிடிபி கடையில் வானவில் எழுத்துருவில் அடித்துக் கொடுத்தால் அங்கேயும் இதே கதிதான். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோட் என்ற பொதுக் குறியாக்கத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது, கடைகளில் பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிய பிறகே அனுப்புங்கள். மாற்றியபின் எண்களையும் அடைப்புக்குறிகளையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள், அவைதான் இடம் மாறும்.

பிடிஎஃப் மட்டும் அனுப்புவது அடுத்த பெரிய தவறு. பார்க்க அழகாக இருக்கும், திருத்த முடியாது. பிடிஎஃப்போடு திருத்தக்கூடிய மூலக் கோப்பு, எழுத்தில்லாத வெறும் படங்கள், குரல் கோப்பு எல்லாம் ஒரே உறையில் போகவேண்டும். படத்தின் மேலேயே தமிழ்ப் பெயரை எழுதி ஒட்டிவிட்டால் பெயரை மாற்றப் படத்தையே மறுபடி செய்யவேண்டி வரும்.

கோப்புப் பெயரில் தமிழ் எழுத்து வேண்டாம். ஜிப் செய்து வேறு கணினியில் பிரித்தால் சில சமயம் கேள்விக்குறிகளாகிவிடும். ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், ஊர்ச் சுருக்கம், பொருள், எண், பதிப்பு, தேதி என்று இந்த வரிசையில் அடியுங்கள்: pam-pasi-01-p1-20250610 (p1 என்றால் ப1, அதாவது முதல் பதிப்பு). தேதியில் ஆண்டு முதலில் வந்தால் கோப்புகள் தாமே வரிசையாகும். ‘கடைசி’, ‘கடைசி-புதுசு’, ‘இதுதான்-கடைசி’ என்று பெயர் வைப்பவர்களிடம் பொறுப்பைக் கொடுக்காதீர்கள்.

உரிமமும் ஒப்புதலும்

இதில் அவசரப்பட்டால் பின்னால் சரிசெய்ய வழியில்லை. உரிமம் எழுதாத பொருளை மற்றவர் திருத்திப் பகிரச் சட்டப்படி அனுமதி கிடையாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய கணமே உரிமை எழுதியவருக்கு. ஆகவே பிறர் எடுத்துப் புழங்க அனுமதி தரும் ஆயத்த உரிமங்களான கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமங்களில் ஒன்றைத் தேர்ந்து ஒவ்வோர் அட்டையிலும் எழுதவேண்டும்.

எங்கள் பரிந்துரை சிசி பிஒய்-எஸ்ஏ 4.0. பெயரைச் சொல்லவேண்டும், மாற்றலாம், மாற்றியதையும் இதே உரிமத்தில் விடவேண்டும். என்டி என்று முடியும் உரிமம் வேண்டவே வேண்டாம். மாற்றியதைப் பகிரக்கூடாது என்பது அதன் பொருள், திரும்பி வரும் வழியை நாமே அடைப்பதாகும். என்சி, அதாவது வணிகத்துக்கு இல்லை என்பது, கேட்க நன்றாக இருக்கும். ஆனால் விக்கிப்பீடியாவுக்குப் படம் தரும் பொதுக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸ் அதை ஏற்காது. பிஒய்-என்சி-எஸ்ஏ பொருளையும் பிஒய்-எஸ்ஏ பொருளையும் கலந்து ஒரே அட்டையாக்கவும் முடியாது. ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் படம் ஏற்றும் பிள்ளைகள் இருந்தால் அங்கே இயல்பாக விழுவது பிஒய்-என்சி என்பதைச் சொல்லிவைத்து, அமைப்பில் மாற்றச் சொல்லுங்கள்.

உரிமம் போடுமுன் உள்ளே இருப்பது எல்லாம் நம்முடையதுதானா என்று பார்க்கவேண்டும். பாடப்புத்தகப் பக்கத்தின் போட்டோ, கூகுளில் எடுத்த மீன் படம், பின்னணியில் சினிமாப் பாட்டு, கேன்வாவில் கிடைத்த அலை ஓவியம்: நாலுமே ஆகாது. கேன்வா படங்களுக்கு அதன் விதிகள் தனி, அவற்றை நம் விருப்பத்துக்குத் திறந்த உரிமத்தில் விட முடியாது. பிள்ளை கையால் வரைந்த கோணலான அலையே மேல்.

பெயர்வரியில் நாலு விஷயம்: தலைப்பு, ஆக்கியவர், எங்கிருந்து எடுத்தது, உரிமம். மாற்றியிருந்தால் ஐந்தாவதாக ‘என்ன மாற்றம்’. உதாரணம்: ‘மரிக்கொழுந்துப் பாசி, பாம்பன் மாலை வகுப்பு எட்டாம் வகுப்புக் குழு, பாசி அட்டைத் தொகுப்பு ப1, சிசி பிஒய்-எஸ்ஏ 4.0. தொண்டிக் குழு உள்ளூர்ப் பெயரும் குரலும் சேர்த்தது.’ இந்த வரி அட்டைக்குள்ளேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் தனிச் செய்தியாக எழுதினால் முதல் ஃபார்வர்டிலேயே அறுந்துவிடும்.

18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் இந்தியச் சட்டத்தில் செல்லாது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18க்குக் கீழே உள்ளவரைக் குழந்தை என்றே வைத்துப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. எனவே கையெழுத்து அம்மாவோ அப்பாவோ போடவேண்டும். ஒரு பக்கத் தாள் போதும்: எந்தப் பொருள், எங்கே போகிறது, பெயர் வருமா, குரல் வருமா. ஒரு வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்: வெளியே போன பிரதிக்குக் கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. பாசி எடுக்கும் அக்காவிடமும் இதே தாள். அவர் முகம் வேண்டாம் என்றால் கையை மட்டும் எடுங்கள், பாடத்துக்குக் கைதான் வேண்டும். பிள்ளைகளுக்குக் குழுப் பெயர் போதும். சீருடையில் பள்ளிச் சின்னம் தெரியும் படத்தைத் தள்ளிவிடுங்கள்.

கடல் குதிரை, கடல் அட்டை, பவளம் இவற்றைக் கையில் பிடித்து நிற்கும் படமும் வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைக் காக்கிறது. பாடமாக எடுத்த படம் வேறிடத்தில் வேறுவிதமாகப் படிக்கப்படும்.

அனுப்பும் பாதை

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் தரம் அப்படியே போகும். இதை எல்லோரும் சொல்வார்கள். எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பும் அந்த ஆவணத்தோடு சேர்ந்தே போகும் என்பதை யாரும் சொல்வதில்லை. பிள்ளையின் வீட்டு வாசலோ, பாசி செழித்த கல்லின் இடமோ, முட்டையிட ஆமை ஏறும் மணலோ அப்படியே வெளியே போய்விடும். கேமரா அமைப்பில் இருப்பிடத்தை நிறுத்திவிட்டு எடுங்கள். எடுத்தாகிவிட்டதென்றால் அனுப்புமுன் இருப்பிடக் குறிப்பை நீக்குங்கள்.

தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கம் நின்று பதிவேற்றாதீர்கள். போன் இலங்கை டவரைப் பிடித்து வரவேற்புச் செய்தி காட்டும் இடம் அது. ரோமிங் டேட்டா திறந்திருந்தால் ஐந்து அட்டைக்கு வரும் பில் ஐந்து மாத ரீசார்ஜுக்குச் சமமாகலாம்.

உரையாடலுக்கு வாட்ஸ்அப், சேமிப்புக்கு வேறிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கூகுள் டிரைவில் ஒரு கோப்புறை, ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற அனுமதி. திருத்தும் அனுமதியைப் பொதுவாகத் திறந்துவிட்டால் ஒரு வாரத்துக்குள் யாரோ ஒருவர் தவறி அழிப்பார். அந்தக் கணக்கு கல்லூரிப் பிள்ளையின் கல்லூரி மின்னஞ்சலாக இருக்கக்கூடாது. படிப்பு முடிந்தால் கணக்கும் போகும், கோப்புறையும் போகும். குழுவுக்கென்று ஒரு கணக்கு, மீட்பு எண்ணும் மின்னஞ்சலும் இரண்டு வெவ்வேறு பெரியவர்களுடையது.

உலகத்துக்கே பயன்படும் படங்களை விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றலாம். எம்பி4 வீடியோ அங்கே போகாது, வெப்எம் ஆக மாற்றவேண்டும்.

இணையமே நிலையில்லாத ஊருக்குக் கோலிப்ரி என்ற இலவசக் கல்வி மென்பொருள் இருக்கிறது. பழைய மடிக்கணினியிலோ ராஸ்ப்பெர்ரி பை என்ற சிறு கணினியிலோ நிறுவினால், இணையம் இல்லாமலேயே அறையில் உள்ள போன்கள் வைஃபையில் இணைந்து உலாவியில் பார்க்கும். இணையம் கிடைக்கும் ஒருவர் கோலிப்ரி ஸ்டுடியோவில் சேனல் ஒன்று தொடங்கி அட்டைகளை ஏற்றி வெளியிட்டால், அதன் டோக்கன் என்ற குறியீட்டைக் கொண்டு அடுத்த குழு இறக்கிக்கொள்ளும். அவர்களாலும் முடியாவிட்டால் பென்டிரைவில் ஏற்றிப் பஸ்ஸில் கொடுத்தனுப்பலாம். பதிப்பு மாறும்போது ஸ்டுடியோவில் மறுபடி ‘வெளியிடு’ அழுத்த மறப்பதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. திருத்தம் உள்ளே இருக்கும், யாருக்கும் போயிருக்காது.

திரும்பி வர வைப்பது

ஒவ்வொரு குழுவிலும் ஓர் இணைப்பாளர், அவர் இல்லாதபோது பார்க்க இன்னொருவர். இரண்டு குழுவின் முழுக்கூட்டத்தையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் கொட்டினால் மூன்றாம் நாள் எல்லோரும் மியூட் போடுவார்கள். இணைப்பாளர்கள் மட்டும் பேசிக்கொள்ள ஒரு சிறு குழு போதும்.

அனுப்பிய 14ஆம் நாள் திரும்பி வரவேண்டும் என்று தேதி குறித்தே அனுப்புங்கள். கூடவே மூன்று கேள்வி: எந்த அட்டையில் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்? எதை மாற்றினீர்கள்? மாற்றிய கோப்பு எங்கே? ‘கருத்துச் சொல்லுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் மரியாதைக்கு ‘நன்று’ என்று வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. முதல் கட்டில் ஓர் அட்டையை வேண்டுமென்றே பாதியில் விடுவது நல்ல உத்தி: குரல் கட்டம் காலி, ‘உங்கள் ஊர்க் குரல் இங்கே’ என்ற குறிப்பு மட்டும். முழுமையாக இருப்பதில் கைவைக்கத் தயங்குபவர்கள் காலியிடத்தை நிரப்பத் தயங்குவதில்லை.

திரும்பி வந்ததை அப்படியே பழையதன் மேல் சேமிக்காதீர்கள். ப1 அப்படியே இருக்கட்டும், வந்தது ப2. முரண்பாடு வந்தால், உதாரணமாக அந்தக் கரையில் வேறு பருவம் சொல்கிறார்கள் என்றால், இரண்டையும் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். மன்னார் வளைகுடாப் பக்கமும் பாக் நீரிணைப் பக்கமும் காற்றும் நீரோட்டமும் ஒன்றல்ல. இரண்டும் சரியாக இருக்கலாம். உண்மையிலேயே தவறு என்றால் மட்டும் திருத்தி, ‘என்ன மாற்றம்’ வரியில் யார் சுட்டியது என்று எழுதுங்கள்.

திரும்பி வந்த பதிப்பை வகுப்பில் போட்டுக் காட்டி, தன் அட்டையில் அடுத்த ஊர்ப் பிள்ளை என்ன சேர்த்திருக்கிறது என்று செய்தவரே படிக்கட்டும். இரண்டாம் கட்டுக்கு ஆள் தேடவேண்டியிருக்காது. ஒரு சுற்று முழுதாகப் போய்த் திரும்பியபிறகே மூன்றாவது குழுவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தேதி கடந்தும் வராவிட்டால் ஒரே ஒரு முறை இணைப்பாளரைப் போனில் கூப்பிடுங்கள். பெரும்பாலும் காரணம் திறக்காத கோப்பாகவோ பரீட்சையாகவோ இருக்கும்.

பென்டிரைவிலும் மெமரி கார்டிலும் உள்ள பிரதி இந்தக் காற்றில் நீண்ட நாள் தாங்காது. முனை பச்சை பூத்துவிடும். மூடி இறுக்கமான டப்பாவில், மருந்துக் குப்பிகளில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து, கோப்புகள் ஓடுகின்றனவா என்று பார்த்து, புதிய பதிப்பை அதில் ஏற்றிவிடுங்கள்.